முகமறியாத் தோழமை

முகம் காணாத ஒருவரைத் தோழராகக் கொள்ளலாமா? வினா பழையது, அஃது எழும் களம் புதியது. இணையவழி விளையாட்டுகள் பலவற்றை நால்வரோ ஐவரோ அணியாகச் சேர்ந்தே ஆட வேண்டியுள்ளது. ஆகவே உடன் ஆடுவோரைத் தேடி, 2015-இல் தோன்றிய டிஸ்கார்ட் போன்ற தளங்களின் குழுக்களில் நம் இளைஞர்கள் சேர்கின்றனர். அங்கே அவர்கள் அறிவது ஒரு புனைபெயரையும் ஒரு குரலையும் மட்டுமே.

அறியாதாரை அறவே விலக்குக என்பார் சிலர். விளையாட்டுத்தானே, ஆராய்ச்சி எதற்கு என்பார் வேறு சிலர். நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்த குறளின் முறையை நோக்கின், இவ்விரண்டும் பொருந்தா என்பது விளங்கும். ஆராய்தல் நட்பை அவமதிப்பதன்று. அதற்கு வழி திறப்பதாகும்.

எதனை ஆராய்வது? அரபு மொழியில் தோழனை 'ரஃபீக்' என்பர். மென்மையைக் குறிக்கும் 'ரிஃப்க்' என்பதும் அதே வேரில் பிறந்த சொல்லாகும். ஆகவே ஆட்டத் திறனை மட்டும் பார்த்தல் போதாது. தோற்றபோது ஒருவர் பிழை செய்த தோழரிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதே உரைகல். ஓவர்வாட்ச் என்னும் விளையாட்டில் 2018-இல், உடன் ஆடியோரின் நற்பண்பைப் பாராட்டிப் பதியும் முறை வந்தது. எதிரணியினரும் அவ்வாறு சான்று பகர இடமிருந்தது. குழுவில் சேருமுன் அதன் விதிகளைப் படித்து, வசைபாடுவோரை நடத்துநர் கண்டிக்கின்றனரா எனச் சில நாள் கவனித்தல் நன்று.

ஆயினும் நற்பண்புடையார் போல் நடிப்போரும் உளர். எனவே ஆட்டத்திற்குத் தேவையானவற்றைத் தாராளமாகப் பகிரலாம், கடவுச்சொல், ஓ.டி.பி., முகவரி, பள்ளியின் பெயர், நிழற்படம் ஆகியன ஆட்டத்திற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் தோழரல்லர். "பெற்றோரிடம் சொல்லாதே" என்று ஒருவர் சிறுவரிடம் கூறுவாராயின், அக்கணமே விலகிப் பெற்றோரிடம் உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைக்கும் பிள்ளையைக் கடிந்துகொண்டால், மறுமுறை அது வாய் திறவாது. இப்பொறுப்பு நம்முடையது.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் முகம் நமக்குத் தெரியாதது போன்றே நம் முகமும் அவர்களுக்குத் தெரியாது. இளையவன் ஒருவன் குழுவில் இழிவுபடுத்தப்படுகையில், புனைபெயரின் பின்னே வாளாவிருந்து கேட்கும் நாம், பிறரிடம் மட்டும் நற்பண்பை எதிர்பார்த்தல் எங்ஙனம் முறையாகும்?