உழைச்செல்வார்க்கு உரியது யாது?

நோயையும் மருந்தையும் பற்றி எண்ணுந்தோறும் திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. 'மருந்து' என்னும் அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என மூன்றைச் சொல்லி, நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவனைச் சேர்க்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயுற்றவனின் பக்கத்தில் நின்று, மருந்தைப் பிழையின்றி அளித்துப் பேணுபவனே உழைச்செல்வான்.

இந்நான்கனுள் முதல் மூன்றை நாம் மறப்பதில்லை. நோயுற்றவர் நம் வீட்டார். மருத்துவரின் பெயரை வாழ்நாளெல்லாம் சொல்லி வாழ்த்துகிறோம். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பத்திரப்படுத்துகிறோம். நான்காமவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருக்கு நாம் பட்ட கடன் யாது? நன்றி சொன்ன அளவில் அக்கடன் தீர்ந்துவிடுமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். ஏட்டளவில் ஆராயாமல், ஒரு நிலத்தில் கால் ஊன்றி ஆராய்வது நன்று. அதற்குத் தேவிகுளத்தைத் தேர்ந்துகொள்வோம்.

மலையும் மக்களும்

தேவிகுளம் என்றவுடன், 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எழுந்த எல்லை வாதங்கள் நம்மில் மூத்தோர்க்கு நினைவு வரும். அவ்வழக்கு ஈண்டு நமக்குப் பொருளன்று. அங்கு வாழும் மக்களே பொருள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றைத் தன்னகத்தே கொண்டது தேவிகுளம் வட்டம். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் தென்தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறிச் சென்றோரின் வழிவந்தவர்கள். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.

தோட்டங்களைக் கடந்து காட்டுக்குள் சென்றால் இடமலைக்குடி. 2010ஆம் ஆண்டு கேரளத்தின் முதற் பழங்குடிக் கிராம ஊராட்சியாக அமைக்கப்பட்ட பகுதி இது. இங்கு வாழ்வோர் முதுவர். இருபதுக்கும் மேற்பட்ட குடிகளாக, மலைச்சரிவுகளில் சிதறி வாழ்கின்றனர். அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. மதுரையிலிருந்து தெய்வத் திருவுருவை முதுகில் சுமந்து வந்தமையால் தம் குலத்துக்கு இப்பெயர் வாய்த்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை.

இக்குடிகளுக்குச் செல்லும் வாயில் பெட்டிமுடி. அதற்கப்பால் காட்டுவழி. வறண்ட காலத்தில் ஜீப்புகள் ஓரளவு செல்லும். மழை இறங்கினால் நடையே வழி. யானை நடமாட்டம் உண்டு, அட்டை உண்டு, பெருகி ஓடும் ஓடைகள் உண்டு. நோய் முற்றினால், கம்பில் கம்பளியைக் கட்டி மஞ்சல் செய்து, நோயாளியை அதில் கிடத்தி, ஊரார் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து வருகின்றனர்.

இத்தகைய நிலத்தில் தொலைவு என்பது எத்தகைய கொடுமை என்பதை 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு உலகம் கண்டது. பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்ட லயங்களின்மேல் வீழ்ந்தது. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டுவதற்கே மறுநாள் காலை ஆயிற்று. பெரியவரைப் பாலம் வெள்ளத்தில் பழுதுற்றிருந்ததால் மீட்பு வண்டிகள் செல்வதும் அரிதாயிற்று. பேரிடரின்போது ஒரு நாள் வெளிப்பட்ட அத்தொலைவைத் தம் அன்றாட வேலையாக நடந்து கடப்பவர் சிலர் உண்டு. அவர்களே நாம் பேச எடுத்துக்கொண்ட உழைச்செல்வார்.

நடையினும் கடினமானது

சுகாதார ஊழியரின் இடர் நடையோடு முடிந்துவிடுவதன்று. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் காக்கப்பட வேண்டும். பனிப்பொதிகள் இட்ட பெட்டியைத் தோளில் மாட்டி நடப்பவர் காலத்தோடு போட்டியிடுகிறார். குடியை அடைந்தால் தாயும் சேயும் காட்டுக்குள்ளோ விளைநிலத்துக்கோ சென்றிருப்பர். காத்திருக்க வேண்டும், அல்லது மீண்டும் வர வேண்டும். 'வீடு பூட்டியிருந்தது' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதித் திரும்பிவிட யாராலும் இயலும். அந்த வரியை எழுதாமல் காத்திருப்பதில்தான் ஒரு குழந்தையின் நலம் அடங்கியுள்ளது.

அதனினும் கடினமான ஒன்று உண்டு. முதுவர் மரபில், மாதவிலக்கு நாள்களில் பெண்கள் 'வாலாப்புரை' என்னும் தனிக்குடிலில் ஒதுங்கி இருத்தல் வழக்கம். குளிரிலும் மழையிலும் அக்குடிலில் தங்குவதைத் தவிர்க்க விரும்பிய பெண்கள், குடும்பநலத் திட்டத்தின் வழியாகக் கிடைத்த கருத்தடை மாத்திரைகளை இடைவிடாது உண்டு, விலக்கையே தள்ளிவைத்து வந்தனர் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட செய்தி. இங்கே சுகாதார ஊழியர் செய்யத்தக்கது யாது? கேட்டபோதெல்லாம் மாத்திரையைக் கொடுத்தால் உடலுக்குக் கேடு. கொடாமல் மறுத்தால் அப்பெண்ணை மீண்டும் குளிர்க்குடிலுக்கு அனுப்பியவர் ஆவார். வழக்கத்தை இகழ்ந்து பேசினால் குடியின் கதவே அடைபட்டுவிடும். அடுத்த முறை காய்ச்சல் கண்ட குழந்தையைக்கூடக் காட்டமாட்டார்கள்.

எந்தக் கையேட்டிலும் இதற்கு விடையில்லை. 'காணி' எனப்படும் குடித்தலைவரிடம் பணிந்து பேசி, மூதாட்டியரின் மனத்தைக் கரைத்து, இளம்பெண்களிடம் உண்மையை உரைத்து, பல மாதங்கள் பொறுத்துத்தான் ஓரடி முன்செல்ல இயலும். அறிவும் பொறுமையும் நம்பிக்கையும் ஒருங்கே வேண்டும் பணி இது. 'மாத்திரை கொடுத்துவரும் எளிய வேலைதானே' என்று நகரத்தில் அமர்ந்து நாம் எண்ணுவது எத்துணைப் பேதைமை!

அம்மக்களை அறியாதவர் என்று கருதுவதும் பிழையே. கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது வெளியார் வரவைத் தாமே தடுத்து, 2021 ஜூலை வரை ஒருவருக்கும் நோய் காணாதபடி தம்மைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். உழைச்செல்வார் அறிவுறுத்துவதோடு கற்றுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

பெயரில் ஒளிந்த அநீதி

இத்துணை அரிய பணியைச் செய்வோரை நாடு எப்பெயரால் அழைக்கிறது என்று காண்போம். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ் 'ஆஷா' என்னும் பெண் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். ஊருக்கும் மருத்துவமனைக்கும் பாலமாய் நிற்போர் இவர்களே. நாடெங்கும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். கேரளத்தில் மட்டும் சுமார் 26,000 பேர். ஆயினும் இவர்கள் 'ஊழியர்' அல்லர், 'தன்னார்வலர்'. இவர்கள் பெறுவது 'ஊதியம்' அன்று. 'மதிப்பூதியமும்' செய்த பணிக்கேற்ற 'ஊக்கத்தொகையும்'.

கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மைப் போன்ற எழுத்தர்க்கு இச்சொற்களின் ஆற்றல் நன்கு தெரியும். ஒரு சொல்லை மாற்றினால் ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அணுகுவதில்லை. மத்திய அரசு ஊழியராகிய நாம் மலைப்பகுதி போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டால் 'கடின இடப்படி' என ஒன்று கிடைக்கிறது. நாற்காலியில் அமர்ந்து பணிசெய்யும் நமக்கு மலையின் குளிருக்கும் விலை உண்டு. அதே மலையில் நடப்பதையே பணியாகக் கொண்ட பெண்ணுக்கு அம்மலை 'தொண்டு செய்யும் வாய்ப்பு' ஆகிவிடுகிறது. இதனை எழுதும்போது நமக்கு நாணமே மிகுகின்றது.

2022ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாப் பணியாளர்களுக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது. நாடே கைதட்டியது. சமூகச் சுகாதாரப் பணியாளர்க்கு அவர்தம் பணிக்குத் தக்க ஊதியம் அளிக்க வேண்டும் என்றும், ஊக்கத்தொகையையே பெரிதும் நம்பி அவர்களை விட்டுவிடலாகாது என்றும் அதே நிறுவனம் 2018ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருந்தது. விருதை ஏற்ற வேகத்தில் வழிகாட்டலை நாம் ஏற்கவில்லை.

2025 பிப்ரவரி 10ஆம் நாள் கேரளத்தின் ஆஷாப் பணியாளர்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக்க வேண்டும், ஓய்வுபெறும்போது ஐந்து இலட்சம் வழங்க வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். போராட்டத்தின் ஐம்பதாம் நாளாகிய மார்ச் 31 அன்று பெண்கள் தம் கூந்தலைக் களைந்தனர். எட்டு மாதங்களுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அவர்கள் அமர்ந்திருந்தனர். அக்டோபர் இறுதியில் அரசு ஆயிரம் ரூபாய் உயர்த்தி 8,000 என அறிவித்தது. நவம்பர் தொடக்கத்தில் இரவுபகல் போராட்டம் முடிவுற்றது. நாடு முழுவதற்கும் நல்வாழ்வில் முன்மாதிரி எனப் புகழ்பெற்ற மாநிலத்திலேயே நிலை இதுவெனின், பிற மாநிலங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

தடைகளும் விடைகளும்

'தொண்டு கைம்மாறு கருதாதது. கூலி புகுந்தால் அதன் தூய்மை கெடும்' என்பார் சிலர். கேட்க இனிய மொழிதான். ஆனால், தொண்டு என்பது ஒருவர் தாமே தம்மேல் ஏற்றுக்கொள்ளும் நோன்பு. பிறர்மேல் சுமத்தும் வரி அன்று. தான் பட்டினி கிடப்பவன் நோன்பாளி. பிறனைப் பட்டினி கிடக்கச் செய்து, அதற்கு நோன்பு என்று பெயர் சூட்டுபவனை எப்பெயரால் அழைப்பது?

'ஊதியம் வந்தால் பரிவு வற்றிவிடும்' என்பார் வேறு சிலர். மருத்துவர் ஊதியம் பெறுகிறார். செவிலியர் ஊதியம் பெறுகிறார். ஊதியம் பெறுவதால் அவர்தம் பரிவை யாரும் ஐயுறுவதில்லை. அனைவரினும் எளிய பெண்ணின் பரிவை மட்டும் வறுமை என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது எந்த நீதி? வீட்டில் அடுப்பெரியும் என்ற உறுதி உள்ளவரே பிறர் வீட்டு வாயிலில் பொறுமையுடன் காத்திருக்க இயலும்.

'அரசிடம் பொருள் இல்லை' என்பது மூன்றாம் தடை. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. வறுமை மெய்யே, மாநிலமும் நடுவண் அரசும் ஒன்றையொன்று கைகாட்டுவதும் மெய்யே. எனினும், ஒரு குடும்பத்தில் அரிசி குறைந்தால் அனைவரும் ஒரு பிடி குறைத்து உண்பதே முறை. கடைசியாக உண்பவளின் கலத்தை மட்டும் வெறுமையாக்கி, 'அவள் தியாகி' என்று புகழ்வது முறையன்று. 'இப்போது கொடுக்க இயலவில்லை' என்று அரசு சொல்லலாம். அதில் நேர்மை உண்டு. 'கேட்பதே தகாது' என்று சொல்வதில் நேர்மை இல்லை.

நமக்கு இதில் என்ன?

தேவிகுளத்துக் காட்டுவழி நமக்கு வெகுதொலைவு என்று எண்ண வேண்டா. நம் பெற்றோர் ஊரில் இருக்கின்றனர். நாம் இங்கே இருக்கின்றோம். தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடுதேடிக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒரு பெண். அவருக்கும் பெயர் 'தன்னார்வலர்' என்பதே. ஞாயிறுதோறும் தொலைபேசியில் 'மாத்திரை சாப்பிட்டாயா அம்மா?' என்று கேட்பதோடு நம் கடமை முடிகிறது. அந்த மாத்திரையை அம்மாவின் கையில் வைத்தவர் வேறொருவர். மக்களாகிய நாம் இருக்க வேண்டிய பக்கத்தில் அவர் நிற்கிறார்; நம் உழையில் அவர் செல்கிறார்.

ஆதலின், அவர்க்கு உரியது யாது என்னும் வினாவுக்கு நம் விடை இதுவே. நன்றி உரியதுதான், ஆனால் அது ஊதியத்தின்மேல் வைக்கும் மலரே அன்றி, ஊதியத்துக்கு ஈடன்று. பணிக்குத் தக்க ஊதியம், முதுமைக்கு ஒரு பற்றுக்கோடு, 'ஊழியர்' என்னும் பெயர் ஆகிய மூன்றும் அவர்க்கு உரியவை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அப்பெண்ணின் பெயரைக் கேட்டறிவோம். அவர் உரிமை கேட்டு அமரும் நாளில், 'இவர்களுக்கு இதே வேலை' என்று முகம் சுளிக்காதிருப்போம். கிராம சபையிலும் நாளேட்டுக்கு எழுதும் மடலிலும் அவர் சார்பில் ஒரு சொல் சேர்ப்போம்.

மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறினோம் என்று முதுவர் சொல்கின்றனர். அதே மலைவழியில் இன்று நோயாளியைச் சுமப்போரும் மருந்தைச் சுமப்போரும் நடக்கின்றனர். அவர்தம் சுமையை 'அறம்' என்று போற்றும் நாம், அதில் ஒரு பங்கையேனும் நம் தோளில் ஏற்காதவரை அச்சொல்லைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.