போதும் என்ற மனம்

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். சோற்றுக்கும் துணிக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் அதையே கலைக்குக் கொடுத்தால் கலை செத்துப்போகும் என்பது என் கட்சி. தான் எழுதிய வரியைப் பார்த்து, “இவ்வளவு போதும், யார் கவனிக்கப் போகிறார்கள்?” என்று ஒருவன் சொல்லிக்கொள்கிறானே, அந்தக் கணத்தில்தான் மட்டமான படைப்புப் பிறக்கிறது. திறமைக் குறைவு வேறு, இது வேறு.

கனடா நாட்டுக் கவிஞரும் பாடகருமான லியோனார்ட் கோஹனை (1934–2016) நினைக்கும்போதெல்லாம் இந்த வேற்றுமை எனக்குத் தெளிவாகிறது. மாண்ட்ரீல் நகரில், தம் தாயார் வீட்டின் பின்புறத்துப் பூங்காவில் கிதார் வாசித்த ஒரு ஸ்பானிய இளைஞனிடம் அவர் பாடம் கேட்டார். மூன்று பாடங்கள், ஆறு சுரச் சேர்க்கைகள். அடுத்த நாள் அந்த இளைஞன் வரவில்லை; அவன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திதான் வந்தது. தம் பாட்டுக்கெல்லாம் அந்த ஆறுதான் அஸ்திவாரம் என்று 2011-ல் ஸ்பெயினில் பரிசு பெற்றபோது கோஹன் சொன்னார். தமக்கென்று ஒரு குரலைத் தேடும் துணிவைத் தந்தவர் கவிஞர் லோர்கா என்றும் சொன்னார். ஆறு சுரச் சேர்க்கைகள், ஒரு கவிஞனின் புத்தகம். அவருடைய முதல் இவ்வளவுதான். முதல் சிறிதாக இருப்பது குற்றமல்ல.

1984-ல் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ என்ற இசைத்தட்டை அவர் வெளியிட்டார். அதிலுள்ள ‘ஹல்லேலூயா’ என்ற பாட்டுக்காகப் பல வருஷங்கள் உழைத்தார். எழுதிக் குவித்த சரணங்கள் ஏராளம். தட்டில் ஏறியவை நான்கே. பிற்பாடு ஜான் கேல் என்ற பாடகர் அதைப் பாட விரும்பிக் கேட்டபோது, கோஹன் அனுப்பிய வரிகள் 15 பக்கம் இருந்தனவாம்.

அந்தப் பாட்டுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாப் டிலன் அவரைக் கேட்டாராம். இரண்டு வருஷம் என்றார் கோஹன், குறைத்துத்தான் சொன்னார். டிலனுடைய ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, அதற்கு எவ்வளவு காலம் என்று இவர் திருப்பிக் கேட்க, 15 நிமிஷம் என்று பதில் வந்ததாம். அதனால் டிலன் பாட்டு மட்டமாகிவிடுமா? ஆகாது. கடிகாரம் இதற்கு அளவுகோல் அல்ல. இருவருமே தங்களுக்குள் பொய் சொல்லிக்கொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்தார்கள், அதுதான் பொருட்டு. வாரந்தோறும் தொடர்கதை எழுதுகிறவனுக்கு இரண்டு வருஷம் கிடைக்காது. கிடைத்த இரண்டு நாளில் உண்மையாக இருப்பது அவனுக்கும் முடியும்.

இவ்வளவு பாடுபட்ட இசைத்தட்டுக்கு என்ன மரியாதை கிடைத்தது? அவருடைய கம்பெனியே அதை அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. கேல் 1991-லும், ஜெஃப் பக்லி 1994-லும் பாடிய பிறகுதான் அந்தப் பாட்டு உலகமெங்கும் பரவியது. “பார்த்தீர்களா, உழைப்பு வீண்போகாது!” என்று இங்கே கதையை முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. யாருமே பாடாமல் அது மறைந்துபோயிருந்தால்? அப்படி மறைந்த நல்ல பாட்டுகள் எத்தனையோ!

மறைந்திருந்தாலும் கோஹன் செய்ததே சரி என்பேன். கேட்கிறவன் நம்மை நம்பிக் காசும் நேரமும் தருகிறான். நாம் எந்த வரியைத் திருத்தாமல் விட்டோம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு மட்டச் சரக்கைத் தருவதற்கும், எடை குறைத்து நிறுப்பதற்கும் என்ன வித்தியாசம்? புகழ் வருவதும் வராததும் ஊரார் கையில். தராசு நம் கையில்.