அப்பா பார்த்துக்குவார்

உடம்பில் சுருக்கம் விழுந்து, தலை நரைத்து, மகனுக்கு ஒரு மகன் பிறந்ததையும் கண்ணால் பார்த்துவிட்டால் காட்டுக்குக் கிளம்பலாம் என்கிறது மனுஸ்மிருதி. வானப்பிரஸ்தம். சாவிக்கொத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

நம் தாத்தாக்களுக்கும் சுருக்கம் விழுகிறது. நரைக்கிறது. பேரன் பிறக்கிறான். அவர்களும் கிளம்பத்தான் செய்கிறார்கள். ஆவின் பூத்துக்கு!

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 68. வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட். ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, டேங்க் நிரம்புகிற வரை காத்திருந்து நிறுத்துவது. ஏழரைக்குள் பேத்தியைத் தலைப்பின்னல் தவிர மற்றபடி முழுசாகத் தயார் செய்வது (பின்னல் மட்டும் பாட்டி டிபார்ட்மென்ட்). எட்டு மணிக்கு ஸ்கூல் வேன். அப்புறம் இஸ்திரிக்காரர், பிளம்பர், கூரியர், ஓ.டி.பி. கேட்கும் சிலிண்டர்காரர். மதியம் யு.கே.ஜி. பேரனை அழைத்து வருவது. சாயங்காலம் ஒருத்திக்குப் பாட்டு கிளாஸ், ஒருத்தனுக்குக் கராத்தே. ராத்திரி ஒன்பது மணிக்கு மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி: "அப்பா, அந்த ஏ.சி. மெக்கானிக் வந்தானா?"

ஒருநாள் லிஃப்ட்டில் சொன்னார்: "பேங்க்ல இருந்தப்ப வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவாவது இருந்துச்சு தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்றாவது மாடி வந்ததும் கொத்தமல்லிக் கட்டோடு இறங்கிப் போய்விட்டார். எனக்குத்தான் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. அவர் செய்வதற்கு என்ன பெயர்? பாசமா, கடமையா, வேலையா?

இந்த இடத்தில் மகனையும் மருமகளையும் வில்லன்களாக்கி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவது ரொம்ப சுலபம். நியாயமில்லை. அவர்கள் வீட்டுக் கடன் இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கியது. 2017-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். ஐம்பது பேர் வேலை பார்க்கும் இடம் என்றால் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீங்களே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 27-வது வாரம் திங்கட்கிழமை காலை அந்தக் குழந்தையை யார் கையில் கொடுப்பது? ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் ரயிலேறுகிறார்கள். குழந்தை நியூஜெர்சியில் பிறந்திருந்தால் விமானம் ஏறுகிறார்கள். ஆறு மாசம் பெண் வீட்டார், ஆறு மாசம் பிள்ளை வீட்டார் என்று ஷிஃப்ட் முறையில் ஓடுகிறது. நாட்டில் பாதி ஐ.டி. கம்பெனிகளும் பேங்குகளும் நிற்பது இந்த ஷிஃப்ட்டின் தோளில்தான் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகையாக இருக்கும்.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று வரவு எழுதிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். எங்கள் சாஸ்திரத்தில் கணக்குப்பதிவுத் தரம் 26 என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது அதன் நற்பெயருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தால், அந்த நற்பெயரைச் சொத்தாக எழுதலாம். தானே வருஷக்கணக்கில் பாடுபட்டு உண்டாக்கிய நற்பெயரை எழுதக் கூடாது. காரணம், அதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

வீட்டுக் கணக்கும் இதே கதைதான். டிரைவர் வைத்தால் செலவுப் பக்கத்தில் வருகிறது. அப்பா வண்டி ஓட்டினால் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. பிகூ என்கிற பிரிட்டிஷ் பொருளாதார மேதை நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டார். ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடுமாம்! அதே அடுப்பு, அதே குழம்பு. சம்பளம் மட்டும் நின்றுபோகிறது.

விலை போட்டே பார்த்ததில்லையா? போட்டிருக்கிறார்கள். 1989 மார்ச் 3-ம் தேதி ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். நஷ்டஈட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001-ல் மதிப்பு வைத்தது நீதிமன்றம். 62 முதல் 72 வயதுவரை உள்ள பெண்களுக்கு? வருஷத்துக்கு 20,000 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் 1,700 கூட வராது. அதுவும் முன்பு வைத்திருந்த மதிப்பை உயர்த்திய பிறகு! ஒரு பாட்டி வீட்டில் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தாள் என்று கணக்குப் பார்க்க, அவள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அப்படியானால் சம்பளம் கொடுத்துவிடலாமா? ஒன்றாம் தேதி காலை மகன் ஒரு கவரில் பதினைந்தாயிரம் வைத்து, "அப்பா, இந்த மாசத்துக்கு" என்று நீட்டினால் என்ன ஆகும்? அந்த மனிதர் சாயங்காலமே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார். ஆக, குறை பணத்தில் இல்லை.

ஆனால், இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'பணம் வாங்கவில்லை, எனவே இது பாசம்' என்று நாம் சட்டென்று முடிவுகட்டிவிடுகிறோம். பணம் வாங்காமல் செய்வதெல்லாம் பாசம் என்றால், அந்தக் காலத்துப் பண்ணையில் சம்பளமில்லாமல் பாடுபட்டதற்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டிவரும்.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு உரைகல்தான். 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா?

நண்பரிடம் பைக் கேட்கிறீர்கள். 'இன்னிக்கு எனக்கு வேணும்டா' என்று அவரால் சொல்ல முடியும். சொல்ல முடிந்தும் சாவியைக் கொடுக்கிறார். அதனால்தான் அது உதவி. மறுக்க முடியாத இடத்தில் வாங்கினால் அதற்குப் பெயர் வசூல்.

நம் வீடுகளில் தாத்தாவிடம் எத்தனை விஷயங்கள் கேட்கப்படுகின்றன, எத்தனை விஷயங்கள் தெரிவிக்கப்படுகின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். "மாமா, சனிக்கிழமை எங்களுக்கு டீம் லஞ்ச். பசங்க உங்ககூட இருப்பாங்க." இதில் கேள்விக்குறி எங்கே இருக்கிறது? இன்னும் மோசம், அவர் இல்லாத இடத்தில் அவர் நேரத்தை வாக்குக் கொடுப்பது. "பேரன்ட்ஸ் மீட்டிங்கா? அப்பா பார்த்துக்குவார்." அவருக்கு அன்றைக்குப் பழைய சிநேகிதரின் சஷ்டியப்த பூர்த்தி இருக்கலாம். முழங்கால் வலி இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் சும்மா படுத்திருக்க ஆசையும் இருக்கலாம். அதுவும் ஒரு காரணம்தானே?

மகாபாரதத்தில் யயாதி கதை நமக்குத் தெரியும். சாபத்தால் கிழவனாகிப்போன ராஜா, ஐந்து பிள்ளைகளையும் கூப்பிட்டு, 'உன் இளமையைக் கொடு, என் முதுமையை வைத்துக்கொள்' என்று கேட்கிறான். நாலு பேர் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பிள்ளை பூரு கொடுக்கிறான். சுயநலத்துக்கு உதாரணமாக யயாதியைத்தான் சொல்கிறோம். ஆனால் அவன்கூட வாய்விட்டுக் கேட்டான். அனுபவித்து முடித்ததும் இளமையைத் திருப்பியும் கொடுத்தான். மறுத்தவர்களைச் சபித்தான், அது வேறு விஷயம். இன்றைக்கு ஓடுவது தலைகீழ் யயாதி கதை. பிள்ளைகள் அப்பாவின் முதுமையை எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பதும் இல்லை, திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை.

'அவருக்கே அதுதான் சார் பிடிச்சிருக்கு. சும்மா இருந்தா உடம்புக்கு வந்துடும்' என்பார்கள். பாதி உண்மை. வேலையே இல்லாத முதுமை கொடுமையானது. மாடி வீட்டு ஜன்னலோரம் பேப்பரை மூன்றாவது தடவை படிக்கும் பெரியவரை நானும் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் "பேரன் தொந்தரவா?" என்று கேட்டால், "அந்தத் தொந்தரவு கிடைக்காதா" என்பார். பேரனின் பிஞ்சு விரலைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிற சந்தோஷத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் பிடிக்காது.

மற்ற பாதி உண்மையைத் தாத்தாக்கள் வெளியே சொல்வதில்லை. அதற்குப் பெயர் பயம். பென்ஷன்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2014-லிருந்து விரல் ரேகை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே கொடுக்கலாம். வீட்டில் அந்தச் சான்றிதழைத் தினமும் கொடுக்க வேண்டியிருக்கிறது, பால் பாக்கெட் ரூபத்தில். ஓடுகிறவரை இடம் உண்டு. உட்கார்ந்துவிட்டால்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் முட்டி வலியோடும் மூன்று மாடி ஏறுகிறார்கள். 'லிஃப்ட் ரிப்பேரா, பரவாயில்லை, எக்சர்சைஸ்!'

இந்தப் பயம் வெறும் கற்பனை என்றால் 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமே வந்திருக்காது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சொத்தை, அவன் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய அதில் வழி இருக்கிறது. சாப்பாடு, துணி, மருந்து இவற்றுக்கெல்லாம் சட்டம் துணைக்கு வரும். 'நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் இந்த வீட்டில் எனக்கு மரியாதை உண்டு' என்கிற நிம்மதியை எந்த ட்ரிப்யூனலிலும் மனு போட்டு வாங்க முடியாது.

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார் ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட். 'வெறும்' என்ற சொல்தான் முக்கியம். அப்பாவின் உதவியை வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. உதவியைத் தவிர அவரிடம் நமக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது. ஒரு நாளில் அப்பாவிடம் பேசும் வாக்கியங்களில் மெக்கானிக், வேன், சிலிண்டர் மூன்றையும் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாதி வீடு என்னை மன்னிக்காது. 'ரிட்டயர் ஆகியும் பாவம் எப்படி ஓடறார் பாருங்க' என்று தாத்தாவைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறோம். அந்தப் பின்னல் டிபார்ட்மென்ட்? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிஷம். ஆண்கள் 88. தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-ஆக இருந்தது, 2020-ல் 59 ஆயிற்று, 2021-ல் 60 ஆயிற்று. பாட்டிகளுக்கு எந்த வயதிலும் ஒரு அரசாணையும் வரவில்லை. தாத்தாவாவது லிஃப்ட்டில் யாரிடமோ லீவைப் பற்றிப் பேசுகிறார். அப்படி ஒரு சமாசாரம் உண்டு என்பதே பாட்டிக்குத் தெரியாது. 'முடியாது' என்று சொல்லிப் பழகவே இல்லாதவருக்கு அந்த வார்த்தையை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய வீடு, ஒரே கூரை. கல்யாணமான பிள்ளைக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. எல்லையைப் போட்டுக்கொண்டதால் உறவு குறைந்துவிட்டதாக அங்கே யாரும் சொன்னதில்லை. நமக்குத் தனி அடுப்பு தேவையில்லை. தாத்தா பாட்டிக்கு வாரத்தில் ஒரு தனி நாள் போதும். அன்றைக்கு அவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று காரணம் கேட்கக் கூடாது. கேஷுவல் லீவுக்குக் காரணம் கேட்பதுண்டா?

தாத்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முட்டி நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை "இன்னிக்கு என்னால முடியாதுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். வீடு இடிந்து விழாது. இரண்டு நாள் கொஞ்சம் முறைப்பாக இருக்கலாம். மூன்றாம் நாள் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள். அதன் பிறகும் நீங்கள் பேரனைக் கூட்டிவரப் போவீர்கள், எனக்குத் தெரியும். அப்படிப் போவதற்குத்தான் பாசம் என்று பெயர்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் மெக்கானிக்கைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், "அப்பா, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேளுங்கள். 'எனக்கென்னடா வேலை' என்றுதான் முதலில் சொல்வார். உடனே அடுத்த லிஸ்ட்டை நீட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அவராகச் சொல்வார்.