யாருக்குத் திறந்த வாயில்?

ஒரு வாயில் திறந்திருக்கின்றது என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? உள்ளே அமர்ந்திருக்கும் வீட்டுக்காரருக்கா, வெளியே நிற்பவருக்கா? விளையாட்டு வினாப்போலத் தோன்றினும் இஃது ஓர் அறவினாவே என்பது நம் கருத்து.

பினாங்கு ஜார்ஜ் டவுன் வாழ் நேயர்கள் கடைவரிசைகளின் முகப்பில் ஓடும் ஐந்தடி நடைபாதையை நன்கறிவர். கட்டடம் ஒருவருடையது, அதன் முன்னே நிழலில் நடக்கும் வழியோ ஊராருடையது. ஆயினும் இன்று பல இடங்களில் அவ்வழியைச் சரக்குகளும் மோட்டார் சைக்கிள்களும் அடைத்து நிற்கின்றன. கண்ணுடையார் விலகி நடக்கின்றனர். வெண்கோல் ஏந்தியவர் தடுமாறுகின்றார். சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிகளுக்கு நடுவே தெருவில் இறங்குகின்றார். வழியை அடைத்தவர் இவர்களை வெறுத்தவரல்லர், நினையாதவர், அவ்வளவே. நினையாமையும் ஒரு கொடுமையன்றோ?

இக்காலத்தின் ஊர்வழி இணையதளம். வரி, வங்கி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அதன் வழியே நடைபெறுகின்றன. அங்கும் இதே கதைதான். 2008-இல் மலேசியா இயற்றிய மாற்றுத்திறனாளர் சட்டம், செய்தியையும் தொழில்நுட்பத்தையும் பிறரோடு ஒப்பப் பெறும் உரிமையை அவர்கட்கு வழங்கியது. இந்திய உச்சநீதிமன்றமோ 2025-இல், கண் சிமிட்டிக் காட்டினாலன்றி வங்கிக் கணக்கு இல்லை என்ற நிலையால் இடருற்ற அமிலவீச்சுக்கு ஆளானோர், பார்வையற்றோர் ஆகியோரின் வழக்குகளில், இணையத்தை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

உரிமை ஏட்டில் இருக்கின்றது; வாயில் திறந்ததா என்று சோதிப்பது எங்ஙனம்? அதற்கென உலகளாவிய நெறிமுறைகள் 1999 முதல் உள. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருத்தல் வேண்டும். படத்துக்குச் சொல்விளக்கம் வேண்டும். சுட்டியின்றி விசைப்பலகையாலேயே எல்லாம் இயலவேண்டும் என்பன அவற்றுட் சில. இவற்றைச் சோதிக்கும் கருவிகளும் உள. ஆனால் கருவி எதைக் காணும்? படத்துக்கு விளக்கம் உண்டா என்று காணும்; அவ்விளக்கம் "படம் 1" என்றிருந்தாலும் தேறிற்று என்று விட்டுவிடும். கேட்பவர்க்கு அதனால் யாது பயன்?

நம் தமிழர் தளங்களையே நோக்குவோம். அறிவிப்பை அச்சிட்ட தாளாக ஒளிப்படம் எடுத்து ஒட்டிவிடுகின்றோம்; திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் ஊமைத் தாள். பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கமோ அதன் வாயில் பொருளற்ற ஒலியாகின்றது. பொங்கல் விழாவுக்கு அனைவரும் வருக என்று அழைக்கின்றோம். அனைவரும் என்ற சொல்லையே சிலர் கேளாதவாறு அழைக்கின்றோம்!

ஆதலால் இறுதித் தேர்வாளர் கருவியன்று, வெளியே நிறுத்தப்பட்டவரே. அவரால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர், 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை நோக்குக. இருவரும் பார்வையற்றோர். பினாங்கில் தேர்வாளரைத் தேடி நெடுந்தூரம் செல்லவும் வேண்டா: 1926-இல் மலாக்காவில் தோன்றிப் பின் இங்கு நிலைபெற்ற செயின்ட் நிக்கலஸ் இல்லம் பார்வையற்றோர்க்குப் பயிற்சியளித்து வருகின்றது. அத்தகையோரை அழைத்துச் சோதிப்பிப்பதோடு, அவர்தம் உழைப்புக்கு ஊதியமும் அளித்தல் முறை.

"சிலருக்காக இத்துணைச் செலவா?" என்று கேட்பாரும் உளர். முதுமையில் நமக்கும் இது உதவும் என்று அவர்க்கு விடை கூறுவது வழக்கம். அஃது உண்மையே, ஆயினும் போதாத விடை. நமக்கு உதவும் என்று செய்வது வாணிகம்; அவருடைய உரிமை என்று செய்வதே அறம். வழியை அடைத்தவர் அதனைத் திறந்துவிட்டு, அதற்கு ஈகை என்று பெயரிடல் தகுமா?

நேயர்காள்! உங்கள் சங்கத்துக்கோ கடைக்கோ இணையதளம் இருக்குமாயின், இன்றே சுட்டியை ஒதுக்கி வைத்து, திரையை அணைத்துவிட்டு, மென்பொருளின் குரலொன்றையே துணையாகக் கொண்டு அதனுள் நுழைந்து பாருங்கள். பின்னர் ஒரு பார்வையற்ற அன்பரை அழைத்து, அவர் நுழையும்வரை அருகில் அமர்ந்திருங்கள். வாயில் திறந்துள்ளது என்று அவர் சொல்லட்டும். அதுவரை நாம் சொல்லாதிருப்போம்.