மசாலையும் அமானிதமும்

புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் கதவிறக்கும் வேளையில், நடைதூரத்திலுள்ள புதுக்கடையில் கரியடுப்புகள் கனலத் தொடங்குகின்றன. பகலெல்லாம் வழக்காளிகளும் சட்டத்தரணிகளும் நடமாடும் பகுதி அது. மஃரிபுக்குப் பின் அங்குள்ள அப்துல் ஹமீத் வீதியில் சுட்ட கோழியும் கம்பியில் கோத்த மாட்டிறைச்சியும் மணக்கும். குடும்பமாக நடத்தும் கடைகளில் வாப்பா கனலைப் பார்ப்பார், மகன் பரிமாறுவான், மசாலை வீட்டிலேயே அரைபட்டு வரும்.

ஓரிரவு அத்தகைய கடையொன்றில், "நானா, இதுக்கு என்னதான் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க தம்பி. எங்கட வாப்பாட கைப்பக்குவம்" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் கேள்வி எழுந்தது. உண்பவனுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்து விற்பவர் எதை மறைக்கலாம்? எதை மறைக்கலாகாது?

சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபியவர்கள் (ஸல்) கையை நுழைத்ததும், விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் அறிந்த செய்தி. அங்கே விசாரிக்கப்பட்டது தொழில் இரகசியம் அன்று, குறை. கைத்திறனை மறைக்க எவருக்கும் உரிமையுண்டு. குறையை மறைக்க இல்லை.

சுட்ட இறைச்சியில் இந்த எல்லை மிக மெல்லியது. கொழுப்பு கனலில் சொட்டி எழும் புகைதான் அதற்குச் சுவை தருகிறது. அதே புகையும் மிளகாயும் பூண்டும் நேற்றைய இறைச்சியின் வாடையையும் மூடிவிடும். அறுத்த முறை சரியென்றால் ஹலால் என்று அமைதி கொள்கிறோம். அல்குர்ஆனோ ஹலாலுடன் தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஹலால் இலச்சினை சர்ச்சைக்குள்ளான 2013இல் நாம் பட்ட கவலையில் ஒரு பங்கையாவது இந்த இரண்டாவது சொல்லுக்காகப் பட்டிருக்கிறோமா?

அடுப்பை வீதியோரம் வைத்து எல்லாவற்றையும் கண்முன் காட்டிவிட்டால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த ஒன்றைச் சிலர் கண்டார்கள். கண்டது மாவுக்கட்டி, கண்டதாக நம்பியது கருத்தடை மாத்திரை. சிங்களம் சரிவர விளங்காத கடைக்காரரின் தடுமாற்றமான விடை, ஒப்புதல் வாக்குமூலமாகப் பரப்பப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவே என அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

ஆகவே, உண்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. அவன் கேட்கலாம், சந்தேகத்தையே தீர்ப்பாக்கலாகாது. இது நமக்கும்தான். அயலவர் வீட்டில் "ஹலாலா?" என்று கேட்பது நமது உரிமை. விடை கிடைத்த பின்னும் முகம் சுளிப்பது வேறு. நமது கடைகளுக்கு வரும் சிங்கள, தமிழ் அன்பர்கள், மசாலையில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே நம்பிச் சாப்பிட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

குடும்பக் கடையின் பாரம்பரியம் மசாலையில் இருக்கிறது என்பார்கள். கூலிக்கு நிற்கும் பையன்கூடச் சில மாதங்களில் அதைக் கண்டுபிடித்துவிடுவான். நள்ளிரவில், கடைசி வாடிக்கையாளரும் போன பிறகு, மிஞ்சிய இறைச்சியை நாளைக்கு எடுத்து வைப்பதா, வேண்டாமா என்று வாப்பா ஒரு கணம் நிற்கிறார். அடுப்பை அணைத்துக்கொண்டே மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கைமாறும் தொழில் அதுதான்.