ஊமைக் கரும்பு

போன ஆண்டு என் தங்கை புதுவீடு கட்டிக் குடியேறினாள். கிரகப்பிரவேசத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிப் போகும் வசதி எழுத்தாளனுக்கு ஏது? ஒரு பூந்தொட்டி வாங்கினேன். அகன்ற பச்சை இலை. அதில் பாலைத் தெளித்தாற்போல் வெண்திட்டுகள். டிஃபன்பாக்கியா என்று பெயர். விற்றவர், "குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஸார். வாயில் வைத்தால் விஷம்" என்றார். தலையை ஆட்டினேன்.

புதுவீட்டில் மாவிலைத் தோரணமும் நாகசுர ஒலியுமாக இருந்தது. அந்த நல்ல வேளையில் 'விஷம்' என்று வாயெடுப்பதா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

ஒரு மாதம் சென்று தங்கை தொலைபேசியில் பேசினாள். வீட்டு நாய்க்குட்டி அந்த இலையைக் கடித்துவிட்டதாம். வாயில் எச்சில் ஒழுக, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு துடித்ததாம். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், மறுநாள் தேறிவிட்டது. "பக்கத்திலேதான் பாப்பா தவழ்ந்துகொண்டிருந்தாள், அண்ணா" என்றவள், சற்று நிறுத்தி, "உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. மென்றவருக்கு நாக்கும் தொண்டையும் வீங்கிச் சில நேரம் பேச்சே நின்றுபோகும். இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இருக்கின்றன. கடித்த மாத்திரத்தில் அவை பாய்ந்து தைக்கின்றன. உயிர் போவது அரிது. வீக்கம் மூச்சை அடைத்தால்தான் பெரிய ஆபத்து.

அமெரிக்க வெப்பநாட்டுக் காடுகளில் பிறந்த செடி இது. வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டக்காரர் டிஃபன்பாக் என்பவரின் பெயரை 1829இல் இதற்குச் சூட்டினார்கள். தின்ன வரும் பிராணியைக் கண்டு ஓட முடியாத பிறவி, ஊசியை வைத்துக்கொண்டது. அதைக் குற்றம் சொல்லலாமா? நம் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன் என்று அது விண்ணப்பம் போடவில்லையே!

அப்படியானால் குற்றம் யாருடையது? சேனைக்கிழங்கை நினைத்துப் பாருங்கள். அதுவும் இந்தச் செடியின் குடும்பந்தான். அதிலும் அதே ஊசிதான். ஆனாலும் அதைப் புளி விட்டு வேகவைத்து ருசித்துச் சாப்பிடுகிறோம். 'பச்சையாகத் தின்னாதே, நாக்கு அரிக்கும்' என்று பாட்டி தாய்க்கும், தாய் மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். சேனைக்கும் இந்தச் செடிக்கும் நடுவே உள்ள வேற்றுமை, சொல்லப்பட்ட ஒரு வாக்கியந்தான். அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. தொட்டியைக் கொடுத்தேன்; வாக்கியத்தை வைத்துக்கொண்டேன்.

இங்கிதம் என்று அதற்கு நானே ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பரிசின் மதிப்புக் குறைந்துவிடக் கூடாதே என்ற ஆசைதான் என் வாயைக் கட்டியது. தெரியாதவன் செய்தால் அது பிழை. தெரிந்தவன் வாய்மூடி இருந்தால் அதை என்னவென்று சொல்வது?

மறுநாள் நேரில் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சொல்லியிருந்தால் அலமாரி மேலே வைத்திருப்பேன். அவ்வளவுதானே, அண்ணா?" என்றாள்.

அவ்வளவேதான். இலையை மென்ற நாய்க்குட்டி மறுநாளே குரைக்கத் தொடங்கிவிட்டது. மெல்லாமலே ஊமையான எனக்கு வாய் திறக்க ஒரு மாதம் ஆயிற்று.