யாரும் ஏமாறாத பொய்

வசைச்சொல்லைச் சொல்லலாமா கூடாதா என்பது பழைய கேள்வி. எனக்கு அதில் அதிக அக்கறை இல்லை. சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டு, ஆனால் சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வேறொன்றைச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்பதுதான் என் கேள்வி.

யூடியூபிலும் டிக்டாக்கிலும் பேசிப் பிழைக்கும் ஆங்கிலக் கேளிக்கையாளர்கள் இதற்கென்று ஒரு தனி அகராதியையே வைத்திருக்கிறார்கள். 'ஃபக்' வரவேண்டிய இடத்தில் 'ஃப்ரிக்', 'ஃபட்ஜ்'. 'ஷிட்' வரவேண்டிய இடத்தில் 'ஷூட்'. 'கில்' வரவேண்டிய இடத்தில் 'அன்அலைவ்'. கேட்கிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அசல் வார்த்தை தெரியும். சொல்கிறவனுக்குத் தெரியும் என்பதைச் சொல்லவே வேண்டாம். விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிக்காரனுக்கும் தெரியும். அப்படியானால் யாரிடமிருந்து எது மறைக்கப்படுகிறது?

காரணம் லௌகீகமானது. 2017ஆம் வருஷ ஆரம்பத்தில், தீவிரவாத வீடியோக்களோடு சேர்ந்து பெரிய கம்பெனிகளின் விளம்பரங்கள் ஓடுவதை லண்டன் 'டைம்ஸ்' வெளிக்கொணர்ந்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். யூடியூப் தன் விதிகளை இறுக்கிற்று. பேச்சில் எது வந்தால் விளம்பரம் நிற்கும் என்பது அதன்பின் பேசுகிறவர்களின் அன்றாடக் கவலையாயிற்று. 2022 நவம்பரில் வீடியோவின் ஆரம்ப வினாடிகளில் வரும் வசவுகளுக்குக் கடுமையான விதி வந்தது. 2023 மார்ச்சில் அது தளர்த்தப்பட்டது. 2025 ஜூலையில் முதல் 7 வினாடிகளுக்கான தடையும் பெரும்பாலும் நீங்கிற்று. 7 வினாடி என்ற கணக்கை யோசித்துப் பாருங்கள். எட்டாவது வினாடியில் ஒரு சொல்லின் ஒழுக்கம் மாறிவிடுமா? மாறாது. விளம்பரம் முடிந்த சூட்டில் வசவு காதில் விழக்கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். தார்மீகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கடைவாசலைப் பெருக்கி வைக்கும் விவகாரம்.

இவ்வளவோடு போயிருந்தால் இதை வியாபாரம் என்று சொல்லி நாம் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் விதி தளர்ந்த பிறகும் பதிலிச் சொற்கள் போகவில்லை. அவை பேச்சில் தங்கிவிட்டன. ஒரு பயம் பழக்கமாகி, பழக்கம் பண்பாகத் தன்னைக் காட்டிக்கொள்ள ஆரம்பிக்கும் இடம் இது. இங்கேதான் கேள்வி எழுத்துக்காரனுடையதாகிறது.

2

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பற்றிக் கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் உதாரணங்களை மனப்பாடம் செய்ததோடு நம்மில் பலர் இதை மறந்துவிட்டோம். மலம் கழித்ததைச் சொல்லாமல் கால் கழுவி வந்ததாகச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி.

மூன்றிலும் ஒரு சொல்லின் இடத்தில் இன்னொரு சொல் வந்து உட்காருகிறது. வித்தியாசம் அது யாருக்காக என்பதில் இருக்கிறது. முதலாவது எதிரே இருக்கும் அவைக்காக. இரண்டாவது சொல்லப்படும் பொருளுக்காக, அதாவது மரணத்தின் முன் நிற்கிறோம் என்ற உணர்வுக்காக. மூன்றாவது வெளியாள் ஒருவன் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. பொற்கொல்லரின் குழூஉக்குறியில் ஏமாறுகிறவன் ஒருவன் உண்டு. பொன் வாங்க வந்தவன் அவன்.

இணையக் கேளிக்கையாளர்களின் பதிலிகளை இந்த மூன்றில் எங்கே வைப்பது? பார்வைக்கு இடக்கரடக்கல் போல இருக்கின்றன. ஆனால் அவையின் கூச்சத்தை அவை பொருட்படுத்துவதில்லை. கேட்கிற கூட்டம் அசலையே விரும்புகிறது. மரணத்தை மாற்றிச் சொல்லும்போது மங்கலம் போலத் தோற்றம் தருகின்றன. ஆனால் செத்தவன் அங்கே நினைக்கப்படவில்லை. உண்மையில் அவை குழூஉக்குறிகள். வெளியாள் ஒரு இயந்திரம், அதன் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு. இந்த வெளியாளும் நிஜத்தில் ஏமாறுகிறானா என்பது சந்தேகம். 'அன்அலைவ்' என்றால் என்ன என்று கண்டுபிடிப்பது அதற்குப் பெரிய வித்தை அல்ல. கண்டுகொள்ளாதது போல இருப்பது இரு தரப்புக்கும் சௌகரியம்.

பொய் என்றால் ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டும். இது யாரும் ஏமாறாத பொய். அதனால் குற்றமற்றது என்று சொல்லலாம். எனக்கு மாறாகத் தோன்றுகிறது. ஏமாற்றுகிறவனுக்குக் குறைந்தபட்சம் உண்மை இன்னது என்ற கவனம் தேவைப்படுகிறது. யாரும் ஏமாறாத பொய்யில் அந்தக் கவனமும் தேவையில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பாவனையை நடத்துகிறார்கள். நாளடைவில் அது பாவனை என்பதே மறந்துபோகிறது.

3

பழைய காலங்களில் பயம் வேறு இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் கடவுளின் பெயரால் ஆணையிட அஞ்சி, அதே ஓசையில் முடியும் 'நீலம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டான். 1606இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, நாடக மேடையில் கடவுளின் பெயரையோ கிறிஸ்துவின் பெயரையோ கேலியாகவோ நிந்தனையாகவோ சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டம் செய்தது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1622இல் அச்சான பிரதியில், முதல் காட்சியிலேயே இயாகோ கிறிஸ்துவின் ரத்தத்தின் மேல் ஆணையிட்டுப் பேசுகிறான். 1623 தொகுப்பில் அந்த ஆணை இல்லை. ஆணை போயிற்று, இயாகோ அப்படியே இருக்கிறான். அவன் புனையும் அவதூறு, கைக்குட்டை, ஒத்தெல்லோவின் நிறத்தைப் பற்றி இருட்டில் நின்று அவன் கத்தும் ஆபாசம் எதன்மீதும் சட்டத்தின் கை படவில்லை. சொல்லைத் தேடிப் போகிற சட்டம் தீமையைத் தாண்டிப் போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1948இல் நார்மன் மெய்லரின் யுத்த நாவல் வந்தபோது, சிப்பாய்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் வார்த்தையை அச்சிட முடியாமல் கடைசி மெய்யின் ஒலியை மட்டும் மாற்றிப் போட்டார்கள். வல்லொலி மெல்ல இறங்கி நின்றது. நம் எழுத்தில் அசலும் பதிலியும் ஒன்றே: இரண்டையும் 'ஃபக்' என்றுதான் எழுத முடியும். இன்று அவர்கள் 'செக்ஸ்' என்பதற்கு எழுதும் பதிலிக்கும் இதே கதி. தமிழில் எழுதினால் மறுபடி 'செக்ஸ்' என்றே வந்து நிற்கும். நூலிழை அளவு நகர்த்தி வாங்கிய அனுமதி, ஒரு மொழியின் எல்லையைத் தாண்டியதும் ஒன்றுமில்லாமல் போகிறது. அந்த நகர்த்தலில் அறம் எவ்வளவு இருந்தது என்பதும் அப்போது தெரிந்துவிடுகிறது.

நம் பக்கங்களில் வேறொரு பழக்கம் உண்டு. முதல் எழுத்தைப் போட்டு, புள்ளிகள் வைத்து, கடைசி எழுத்தோடு முடிப்பது. சினிமாவில் ஒலியை நிறுத்திவிடுவார்கள். அல்லது கூவென்று ஒரு சத்தம் வரும். இவற்றைக் கோழைத்தனம் என்று நாம் கேலி செய்ததுண்டு. இப்போது யோசிக்கையில் புள்ளிகள் ஒருவகையில் நேர்மையானவை என்று படுகிறது. இங்கே ஒன்று இருந்தது, அது அகற்றப்பட்டிருக்கிறது என்று அவை சொல்கின்றன. வெட்டியவனின் கைத்தடம் பக்கத்தில் தெரிகிறது. வாசகன் கோபப்படலாம், சிரிக்கலாம், வெட்டியது சரி என்றும் நினைக்கலாம். பதிலிச் சொல் அந்தத் தழும்பை மறைக்கிறது. வாக்கியம் வழுவழுப்பாக ஓடுகிறது. தணிக்கைக்காரன் எழுந்து போய்விட்டான். அவன் நாற்காலியில் பேசுகிறவனே உட்கார்ந்துகொண்டு, அதைத் தன் நகைச்சுவை என்கிறான்.

நகைச்சுவையாகவே அமைந்த இடங்களும் உண்டு. 2016 முதல் 2020 வரை வந்த 'தி குட் பிளேஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், சொர்க்கம் என்று சொல்லப்படும் ஓர் ஊரில் நாயகி திட்ட வாயெடுத்தால் 'ஃபோர்க்' என்றும் 'ஷர்ட்' என்றும்தான் வருகிறது. முள்கரண்டியும் சட்டையும். அவள் திகைக்கிறாள், எரிச்சலடைகிறாள். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தணிக்கை அங்கே ஒரு பாத்திரமாக மேடைக்கு வந்துவிடுகிறது. பேசுகிறவள் தன் வாய் கட்டப்பட்டிருப்பதை அறிந்திருக்கிறாள்.

4

நம் சூழலுக்கு வருவோம். 'ங்கொய்யால' என்று சினிமாவில் வரும்போது தியேட்டர் சிரிக்கிறது. குடும்பத்தோடு சிரிக்கலாம். அசல் வசவில் இழுக்கப்படும் தாய் இந்தப் பதிலியிலும் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறாள். தமிழ் வசவுகளின் பெரும் பகுதி எதிரியைத் தொடுவதில்லை. அவனைப் பெற்றவளை, அவன் மனைவியை, அவனுக்குக் கீழே இருப்பதாக நினைக்கப்படும் சாதியைத் தொடுகிறது. பதிலி உச்சரிப்பைத் திருத்துகிறது. இழுத்துவரப்பட்டவளை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மறுபுறம், எந்தச் சல்லடையிலும் சிக்காத சொற்கள் இருக்கின்றன. 'சண்டாளன்' ஒரு சாதியின் பெயர். கொடியவன் என்ற அர்த்தத்தில் பாட்டிகள் சொன்னார்கள், சினிமாப் பாட்டில் வந்தது, மேடையில் வந்தது. யாரும் ஒலியை நிறுத்தவில்லை. 2024இல் தமிழ்நாடு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று சொன்னபோது, இத்தனை நாள் இது வசவென்றே தெரியாதே என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியம் கபடமற்றதாகவே இருக்கலாம். அதுதான் கவலைக்குரியது. உடலைப் பற்றிய சொல்லுக்குக் கூசும் நாக்கு, மனிதனைப் பற்றிய சொல்லுக்குக் கூசவில்லை. ஒரு சொல் யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்காத எந்த நாகரிகமும், 7 வினாடி விதிக்கு மேலான தல்ல.

இங்கே ஒரு சொல்லை விலக்குவது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். விலக்குவதற்கான காரணம் அதனால் தாழ்த்தப்பட்ட மனிதன். அவன் முன்னால் நின்று சொல்லை விடுகிறோம். விளம்பரத்தின் முன்னால் நின்று விடுவதும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலிருக்கும், ஒன்றல்ல.

5

'அன்அலைவ்' என்ற சொல்லிடம் கடைசியாக வருகிறேன். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான். 2013இல் குழந்தைகளுக்கான ஒரு ஸ்பைடர்மேன் கார்ட்டூனில் டெட்பூல் என்ற பாத்திரம், கொல்வதைக் 'கொல்வது' என்று சொல்ல முடியாமல் இதைச் சொல்கிறது. அங்கே அது தணிக்கையைப் பரிகாசம் செய்யும் சொல். பத்து வருஷத்துக்குள் அதே சொல் தணிக்கைக்குப் பணியும் சொல்லாயிற்று. தற்கொலையைப் பற்றிப் பேச வேண்டியவர்கள், தங்கள் வீடியோ அமுக்கப்பட்டுவிடும் என்ற பயத்தில், பெரும்பாலும் ஊகத்தை நம்பி, இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேசாமல் இருப்பதைவிட எப்படியாவது பேசுவது மேல் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

ஆனால் 2024இல் சியாட்டில் நகரத்தின் பாப் கலாச்சார அருங்காட்சியகத்தில், 1994இல் 27 வயதில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்த பாடகர் கர்ட் கோபேனைப் பற்றிய குறிப்பிலும் இந்தச் சொல் வந்தது. அருங்காட்சியகத்தின் சுவரில் இயந்திரம் இல்லை. விளம்பரம் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதை கருதியே அந்தச் சொல்லைத் தேர்ந்ததாக விளக்கம் சொன்னார்கள். கண்டனம் எழுந்த பின் மாற்றினார்கள். மரியாதை என்று அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். அதனால்தான் அது பயங்கரமாக இருக்கிறது. கம்பெனியின் பயம் துக்கத்தின் பாஷையாக மாறியது அந்தச் சுவரில் பதிவாகிவிட்டது.

துஞ்சினார் என்ற சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். துஞ்சினார் என்பதில் ஒரு பார்வை இருக்கிறது: செத்தவனைத் தூங்குகிறவனாகப் பார்க்கும் ஆசை, எழுப்பிவிடலாம் போன்ற ஒரு நெருக்கம். யாரோ ஒருவர் உடலின் அருகே நின்று அதைச் சொல்லியிருக்கிறார். 'அன்அலைவ்' என்பதில் பார்வை கிடையாது. உயிர் என்ற சொல்லோடு ஒரு மறுப்பு ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. அதன் அருகே யாரும் நிற்கவில்லை.

எனக்கு நெருக்கமான ஒருவர் சில வருஷங்களுக்கு முன் தூக்கிட்டுக்கொண்டார். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மெல்லிய சொற்களோடு வந்தார்கள். தவறிவிட்டார், போய்ச் சேர்ந்துவிட்டார், இப்படி ஆகிவிட்டது. துக்கம் கேட்கிறவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்? அவருடைய அம்மா மட்டும் ஒவ்வொருவரிடமும், "எம்புள்ள நாண்டுக்கிட்டுச் செத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை" என்று அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மெல்லிய சொற்களில் அவள் மகன் செய்தது இல்லை. யாரும் செய்யாத ஒன்று எங்கிருந்தோ நடந்தது போல இருந்தது. அவன் அந்த இரவில் ஒரு முடிவுக்கு வந்தான், கயிறு எடுத்தான், தனியாக இருந்தான் என்பதை அந்த முரட்டு வார்த்தை மட்டுமே தாங்கியது. அவனோடு கடைசிவரை இருப்பதற்கு அவளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது.

அவளுடைய அந்தச் சொல்லைச் சல்லடையில் போட்டால் அது நிற்காது. இயாகோவின் பேச்சு, ஆணைகளை நீக்கிவிட்டால், சுத்தமாக வெளியே வந்துவிடும்.

எழுதுகிறவனுக்கு முன்னால் எப்போதும் இரண்டு வழிகள் இருந்தன. சொல்லைச் சொல்வது, அல்லது சொல்லமுடியாத இடத்தில் இடைவெளி விட்டு அது தெரியும்படி வைப்பது. மூன்றாவது வழி ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதில் யாரும் கோபப்படுவதில்லை, வருமானமும் நிற்பதில்லை. அதை எடுத்துக்கொள்கிறவன் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு நாகரிகம் என்றோ கருணை என்றோ பெயர் வைக்கும்போது மட்டும் நாம் அந்த அம்மாவின் கையைப் பிடிக்கிறவர்களாகிறோம்.